மாற்றுச் சிறுநீரகமும் யூறிக் அமிலமும்

(சங்க ஆண்டு விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இந்த அரங்கில் பேச வருவோர் மொழியைப் பற்றியோ, கல்வியைப் பற்றியோ, நாட்டின் எதிர்காலத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். செயலாளர் என்னிடம் பொருள் யாதென்று கேட்டபொழுது, "யூறிக் அமிலம்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "சனம் இருக்குமோ?" என்று கேட்டார். இருக்கிறீர்கள். அதற்காக முதலில் என் நன்றி.

நான் வைத்தியனல்லேன், சர்வகலாசாலையில் உயிரிரசாயனம் கற்கும் மாணவன். இன்ன மருந்தை இவ்வளவு உண்ணுங்கள் என்று சொல்லும் அருகதை எனக்குக் கிடையாது. ஆயினும், ஒரு குடும்பத்தில் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவர் இருப்பாராயின், அந்த வீட்டார் அறிந்திருக்க வேண்டிய இரசாயனச் செய்தி ஒன்றுண்டு. 1980களிலிருந்து இலங்கையிலும் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெற்று வருகின்றது. சலரோகத்தாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகம் பழுதடைந்தோர் எத்தனையோ பேர். வடமத்திய மாகாணத்தில் கமக்காரர் பலர் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய்க்கு ஆளாகி வருவதையும் அறிவீர்கள். ஆகவே இஃது எங்கோ சீமையில் உள்ளாருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

யூறிக் அமிலம் என்பது யாது? நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் பியூறின் என்னும் பொருள் உண்டு. பழைய கலங்கள் அழியும்போது இந்தப் பியூறினும் சிதைகின்றது. அந்தச் சிதைவின் கடைசி இரண்டு படிகளைச் செய்து முடிக்கும் நொதியத்துக்குச் சாந்தீன் ஒக்சிடேஸ் என்று பெயர். இந்தப் பெயரை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது ஒரு கதையின் நடுநாயகமாக வரும். அந்த நொதியத்தின் கையிலிருந்து வெளிவரும் பொருளே யூறிக் அமிலம். மற்றப் பாலூட்டிகளிற் பெரும்பாலானவை இதனையும் உடைத்து எளிதிற் கரையும் பொருளாக்கிவிடும். மனிதனும் குரங்கினத்துச் சில உறவினரும் அந்த ஆற்றலை ஆதியிலேயே இழந்துவிட்டனர். எனவே நமக்கு இது குருதியிலேயே நிற்கின்றது; மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தின் வழியாகவும் எஞ்சியது குடலின் வழியாகவும் வெளியேறுகின்றது.

குருதியில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் யூறிக் அமிலத்தின் உப்பு பளிங்காகப் படியத் தொடங்கலாம். சூடு குறைந்த இடத்தில் அது இன்னும் எளிதாகப் படியும். காலின் பெருவிரல் மூட்டு உடம்பின் குளிர்ந்த ஓரத்தில் இருப்பது அதன் தவக்குறைவு. நள்ளிரவிலோ விடியற்புறத்திலோ அந்த மூட்டுத் திடீரெனச் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்க இயலாத வலியை உண்டாக்கும். இதுவே கௌட் என்னும் மூட்டுநோய். சுவீடன் நாட்டு இரசாயனி ஷேலே 1776 ஆம் ஆண்டிலே சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து இவ்வமிலத்தைக் கண்டறிந்தார். கௌட் நோயாளரின் குருதியில் அது மிகுந்திருப்பதை 1848 இல் இலண்டன் வைத்தியர் கறொட் காட்டினார். நெடுங்காலம் இதனைச் செல்வரின் நோய் என்றும் சாப்பாட்டுப் பிரியரின் நோய் என்றும் சொல்லிச் சிரித்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரைப் பார்த்து அவ்வாறு சிரிப்பது அநியாயம். ஏன் என்று சொல்கிறேன்.

1954 டிசெம்பர் 23 ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், வைத்தியர் ஜோசப் மறே, றொனால்ட் ஹெறிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவருடைய சகோதரர் றிச்சர்ட்டுக்குப் பொருத்தினார். இருவரும் ஒரே கருவிற் பிறந்த இரட்டையர். ஆதலால் றிச்சர்ட்டின் உடம்பு அதனைத் தன்னுடையதென்றே ஏற்றுக்கொண்டது. அவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் எல்லாருக்கும் இரட்டைச் சகோதரன் இருப்பானா? தாய் கொடுத்தாலுங்கூட, உடம்பின் காவற்படை அந்தச் சிறுநீரகத்தை அந்நியன் என்றே கருதித் தாக்கும். அந்தக் காவலை அடக்கிவைக்கும் மருந்தை, சிறுநீரகம் வேலை செய்யும் காலமெல்லாம் நாள் தவறாது உண்ண வேண்டும். இவற்றை வசதிக்காக அடக்கு மருந்துகள் என்று கூறுவோம்.

அவற்றுட் பெரும்புகழ் பெற்றது சைக்குளோஸ்போறின். நோர்வே நாட்டின் ஒரு மேட்டுநிலத்தில் 1969 இல் அள்ளிய மண்ணிலிருந்த பூஞ்சணம் ஒன்றிலிருந்து சுவிற்சலாந்து ஆராய்ச்சியாளர் இதனைப் பிரித்தெடுத்தனர். 1978 இல் கேம்பிறிட்ஜில் றோய் கான் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் மனிதருக்கு முதன்முதலாகக் கொடுத்தார். பொருத்திய சிறுநீரகங்கள் பிழைக்கும் வீதம் அதன்பின் வெகுவாக உயர்ந்தது. ஆனால் இம்மருந்து, சிறுநீரகம் யூறிக் அமிலத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடுகின்றது. 1989 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில், சைக்குளோஸ்போறின் உண்ட சிறுநீரக மாற்று நோயாளருள் நூற்றுக்கு 84 பேருக்கு யூறிக் அமிலம் மிகுந்திருந்தது. பழைய மருந்தாகிய அசதயோபிறின் உண்டவருள் நூற்றுக்கு 30 பேருக்கே அவ்வாறிருந்தது. இன்று பெரும்பாலும் வழங்கும் டக்றோலிமஸ் என்னும் மருந்தும் இக்குணம் உடையதே. யப்பானின் சுக்குபா நகர்ப்புறத்து மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று அதன் தாய். அதன் பெயரின் முதலெழுத்தும் அந்த ஊரிலிருந்து வந்ததே.

இன்னும் இரண்டு காரணங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். பொருத்திய சிறுநீரகம் ஒன்றே ஒன்று. இரண்டின் வேலையை அது முழுவதும் செய்வது அரிது. கால் வீக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் நீர் பிரிக்கும் மாத்திரைகள் பலவும் யூறிக் அமிலத்தைத் தேக்கிவைக்கும். ஆகவே இந்நோயாளர், இறைச்சி தின்று கெட்டவரல்லர். தம் உயிரைக் காக்கும் மருந்தின் விலையைப் பெருவிரலிற் கொடுப்பவர்.

இனி ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். வயது ஐம்பது. தங்கை தந்த சிறுநீரகத்துடன் ஏழெட்டு ஆண்டுகளாக நலமாக இருக்கிறார். கடைக்குப் போகிறார், கோயிற் திருவிழாவுக்கு நிற்கிறார், பேரப்பிள்ளையைத் தூக்குகிறார். ஒருநாள் விடியற்புறம் கால் வீங்கி நிலத்தில் ஊன்ற முடியவில்லை. கிளினிக் நாளுக்கு இன்னும் மூன்று கிழமை கிடக்கிறது. பெரிய வைத்தியசாலை தூரம். அவர் என்ன செய்வார்? நாமெல்லாரும் செய்வதையே செய்வார். மருந்துக்கடைக்கு ஒரு பிள்ளையை அனுப்புவார். அல்லது பக்கத்துத் தெருவில் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் போவார். அல்லது, "எனக்கும் இதுதான், இந்தக் குளிசையைப் போடு" என்று சொல்லும் நண்பரிடம் இரண்டு குளிசை வாங்குவார்.

மருந்துக்கடையில் வலிக்கென்று கிடைப்பது பெரும்பாலும் டைக்குளோபெனாக் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்தது. சிறுநீரகம் நலமாக உள்ளவருக்கு அது வலியைப் போக்கும். இவருக்கோ, சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைத்து, ஏற்கெனவே அந்த ஓட்டத்தைச் சுருக்கும் அடக்கு மருந்தோடு சேர்ந்து, உள்ள ஒன்றையும் வருத்தும். கௌட் நோய்க்கென்றே பழங்காலந்தொட்டு வழங்கும் கொல்சிசின் உண்டு. அதனை வைத்தியர் அளவறிந்து கொடுப்பார். ஆனால் சைக்குளோஸ்போறின் உண்பவரின் உடம்பில் கொல்சிசின் வெளியேறாமற் தங்கித் தசைகளைப் பலவீனமாக்கக் கூடும். படியேற முடியாமல், கதிரையிலிருந்து எழ முடியாமற் போனவர்களைப் பற்றி வைத்திய ஏடுகள் எழுதியிருக்கின்றன.

மூன்றாவது குளிசை, நண்பர் கொடுத்தது, அலோபியூறினோல். இது வலி மாத்திரையன்று. யூறிக் அமிலம் உண்டாவதையே குறைப்பது. விலை மலிவு, பெயர் பெற்றது, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உண்பது. இதனிடம் என்ன தீங்கு இருக்க முடியும்? இவர் உண்ணும் அடக்கு மருந்து அசதயோபிறினாக இருக்குமாயின், தீங்கு மிகப் பெரிது. இந்த இடத்திற்தான் நான் சொல்ல வந்த கதை தொடங்குகின்றது. சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

நியூயோர்க்கில் 1918 இல் பிறந்த ஜேட்றூட் எலியன் என்ற பெண், தன் பதினைந்தாவது வயதில் பாட்டனார் புற்றுநோயால் இறப்பதைக் கண்டு, இரசாயனம் கற்பதென முடிவு செய்தாள். பட்டம் பெற்றபின் ஆய்வுகூடங்கள் பெண் என்ற காரணத்தால் அவளை ஏற்க மறுத்தன. ஒரு காலத்தில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் உத்தியோகமும் பார்த்தாள். 1944 இல் பறோஸ் வெல்கம் என்னும் மருந்துக் கம்பெனியில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவரின் உதவியாளராகச் சேர்ந்தாள். இருவரும் பியூறினைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் பியூறினின் வேலையைச் செய்யாத, போலிப் பொருள்களை உண்டாக்கத் தொடங்கினர். வேகமாகப் பெருகும் கலம் பசியோடு இதனை விழுங்கி, பெருகமாட்டாமல் நின்றுவிடும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வாறு பிறந்தது மேக்கப்டோபியூறின் என்னும் மருந்து. 1953 இல் அது குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு வழங்க அங்கீகாரம் பெற்றது.

வேகமாகப் பெருகும் கலங்கள் புற்றுநோயில் மட்டுமா உண்டு? அந்நியனைக் கண்டதும் பெருகும் காவற்கலங்களும் அத்தகையனவே. 1959 இல் முயல்களில் இது நிறுவப்பட்டது. இளைஞரான றோய் கான் இம்மருந்தை நாய்களுக்குக் கொடுத்துச் சிறுநீரகம் மாற்றிப் பார்த்தார். பின் பொஸ்ரனுக்குப் பயணமானபோது எலியனையும் ஹிச்சிங்ஸையும் சந்தித்து, அவர்கள் செய்த மேம்பட்ட உருவமொன்றை வாங்கிச் சென்றார். அதுவே அசதயோபிறின். உடம்பினுள்ளே சென்றதும் அது மேக்கப்டோபியூறினாக மாறும். 1962 ஏப்பிரிலில் இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை மறே குழுவினர் இம்மருந்தின் துணையுடன் உறவற்ற ஒருவருக்குப் பொருத்தினர். அது ஓராண்டுக்கு மேல் வேலை செய்தது.

அதே ஆய்வுகூடத்தில் மற்றொரு கேள்வி எழுந்தது. மேக்கப்டோபியூறின் உடம்பில் நெடுநேரம் நிற்பதில்லை. அதனைச் சிதைத்து வெளியேற்றுவது எது? நான் நினைவில் வைக்கச் சொன்ன அதே நொதியம், சாந்தீன் ஒக்சிடேஸ். அதன் கையைக் கட்டிவிட்டால் மருந்து நெடுநேரம் நின்று வேலை செய்யுமே! அவ்வாறு கை கட்டும் பொருளாக அவர்கள் தெரிந்தெடுத்ததுதான் அலோபியூறினோல். அதாவது கௌட் நோயைப் போக்கவென்று அதனை எவரும் தேடவில்லை; மேக்கப்டோபியூறினின் வேகத்தைக் கூட்டவே தேடினர். டியூக் சர்வகலாசாலையின் வைத்தியர் றன்டில்ஸ் புற்றுநோயாளருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, மருந்தின் பயன் கூடிய அளவுக்கு அதன் நஞ்சும் கூடியது. வேண்டிய இலாபம் கிட்டவில்லை. ஆனால் நோயாளரின் யூறிக் அமிலம் சரேலென இறங்கியது. யூறிக் அமிலத்தை ஆக்குவதும் அதே நொதியமல்லவா? 1966 இல் அலோபியூறினோல் கௌட் மருந்தாக உலகுக்கு வந்தது. 1988 இல் எலியனுக்கும் ஹிச்சிங்ஸுக்கும், பிரித்தானியரான ஜேம்ஸ் பிளாக்குடன் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. எலியன் கலாநிதிப் பட்டத்துக்கான படிப்பை முடிக்காதவர் என்பதை, பரீட்சைக்கு அஞ்சும் என் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இப்போது நம் ஐம்பது வயதுக்காரரிடம் திரும்புவோம். அவர் காலையில் உண்பது அசதயோபிறின். மாலையில் நண்பர் தந்த அலோபியூறினோல். ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே செய்து பார்த்த அந்தச் சேர்க்கை, இவருடைய உடம்பில் எவருக்கும் தெரியாமல் நடக்கிறது. நொதியத்தின் கை கட்டப்படுகிறது. சிதைந்து வெளியேற வேண்டிய மருந்து தேங்குகிறது. வழக்கமான அளவே பன்மடங்கு அளவு போல ஆகிவிடுகிறது. அது தாக்கும் இடம் எலும்பு மச்சை. குருதிக் கலங்கள் நாள்தோறும் பிறக்கும் தொட்டில் அது. சில கிழமைகளில் வெண்குழியங்கள் குறைந்து காய்ச்சல் வரும். செங்குழியங்கள் குறைந்து களைப்பு வரும். குருதியை உறையவைக்கும் சிறுதட்டுக்கள் குறைந்து முரசில் இரத்தம் கசியும். கால்வலி போய்விட்டதே என்று மகிழ்ந்திருந்த வேளையில் உயிருக்கே மோசம் வரும். பெபுக்சோஸ்ரற் என்னும் புதிய மருந்தும் அதே நொதியத்தைக் கட்டுவதால் அதே ஆபத்து உடையது.

இதில் யாரைக் குறை சொல்வது? நண்பர் அன்பினால் கொடுத்தார். பக்கத்துத் தெரு வைத்தியர் கொடுத்திருந்தாலும், அவரிடம் வேறென்ன மருந்து உண்கிறீர் என்பது சொல்லப்பட்டிராது. "பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் ஏதோ குளிசை" என்று சொல்வதே நம்மவர் வழக்கம். ஆகையால் வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு என் வேண்டுகோள்: அம்மாவோ அப்பாவோ உண்ணும் மருந்துகளின் பெயரை எழுத்துப் பிழையின்றி ஒரு கடதாசியில் எழுதி, கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் ஒட்டிவிடுங்கள். பல்லுக் கழற்றப் போனாலும் அந்தக் கொப்பி கூடப் போகட்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருப்பதன் பயன் இதுதானே.

மாற்றுச் சிறுநீரகக்காரருக்குக் கௌட் நோய் வந்தால் வழியே இல்லையோ என்று பயப்பட வேண்டாம். வழி பல உண்டு. வீக்கம் கண்ட நாட்களில், அவர் ஏற்கெனவே உண்ணும் பிறெட்னிசலோனின் அளவைச் சில நாட்களுக்குக் கூட்டியே வைத்தியர் வலியை ஆற்ற முடியும். பின்னர் யூறிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே நிறுத்த அலோபியூறினோல் வேண்டியதாயின், பெரும்பாலும் அசதயோபிறினை மாற்றி மைக்கோபீனோலேற் என்னும் மருந்தைக் கொடுப்பர். அதற்கும் அந்த நொதியத்துக்கும் வழக்கில்லை. மாற்ற இயலாத நிலையில் அசதயோபிறினின் அளவை நான்கிலொரு பங்கு அல்லது மூன்றிலொரு பங்காகக் குறைத்து, அடிக்கடி குருதி சோதிப்பர். அலோபியூறினோலையும் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகவே ஏற்றுவர். தொடங்கிய முதற்சில கிழமைகளில் தோலிற் தடிப்போ வாயிற் புண்ணோ கண்டால் உடனே மருந்தை நிறுத்தி வைத்தியரிடம் போக வேண்டும். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையின் அறிகுறி. இரத்த அழுத்தத்துக்கு மருந்து தெரிந்தெடுக்கும்போது லொசாற்றன் போன்றவை யூறிக் அமிலத்தையும் சிறிது குறைக்கும் என்பதனை வைத்தியர் அறிவர்.

மற்றொரு தவறான வழியையும் சொல்லியாக வேண்டும். "இந்த அடக்கு மருந்தாற்தானே எனக்குக் கால் வீங்கியது" என்று கோபித்து அதனைத் தாமாகவே நிறுத்துவோர் உளர். சில நாட்கள் ஒன்றும் தெரியாது. அதற்குள் காவற்படை விழித்துக்கொள்ளும். தங்கை கொடுத்த சிறுநீரகம் போய்விட்டால் இன்னொரு தங்கையை எங்கே தேடுவது?

பெரியோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வியொன்று: காலில் வலியே இல்லை, சோதனைக் கடதாசியில் மட்டும் யூறிக் அமிலம் 8 என்று போட்டிருக்கிறது, குளிசை வேண்டாமா? மிகுந்த யூறிக் அமிலம் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்ற எண்ணம் பலகாலமாக உண்டு. கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தில் யூறிக் அமிலம் மிகுவதும் உண்மையே. எது காரணம், எது காரியம் என்று பிரிப்பதிற்தான் வில்லங்கம். 2020 ஆம் ஆண்டில் இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஒன்று அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சிறுநீரக நோயாளரிடம் நடந்தது; மற்றது நீரிழிவு கண்டோரிடம் நடந்தது. இரண்டிலும் அலோபியூறினோல் யூறிக் அமிலத்தை இறக்கியது. சிறுநீரகம் தளர்வதை நிறுத்தவில்லை. அவர்கள் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரல்லர் என்பதனையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும், வலியோ கல்லோ இல்லாத ஒருவர், கடதாசியில் உள்ள ஓர் எண்ணைக் கண்டு அஞ்சிக் குளிசை தேடி ஓடத் தேவையில்லை என்பதே என் துணிபு. அந்த எண் ஏன் ஏறியது, நீர்ப் பிரிப்பு மாத்திரை புதிதாகச் சேர்ந்ததா, சிறுநீரகத்தின் வேலை குறைகிறதா என்று கிளினிக்கில் கேட்பது எவ்வளவோ மேல்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமற் போனால் தாய்மார் என்னை விடமாட்டார்கள். உடம்பில் உண்டாகும் யூறிக் அமிலத்திற் பெரும்பங்கு நம் சொந்தக் கலங்களிலிருந்தே வருவதால், பத்தியத்தால் மட்டும் இந்நோயாளரைக் குணப்படுத்த முடியாது. ஈரல், நெத்தலி, மத்தி, றால் ஆகியவற்றைக் குறைக்கலாம். பியரை விடலாம். போத்தலில் வரும் இனிப்புச் சோடாவும் யூறிக் அமிலத்தை ஏற்றும் என்பதைப் பலர் அறியார். பருப்பையும் கீரையையும் கண்டு பயப்படத் தேவையில்லை. அவற்றிலும் பியூறின் உண்டாயினும், இறைச்சியும் மீனும் செய்யும் கெடுதலை அவை செய்வதாகக் காணப்படவில்லை. பால் நல்லது. தண்ணீர் எவ்வளவு குடிப்பதென்பதைக் கிளினிக்கிற் சொன்னபடி குடிக்க வேண்டும்.

கூட்டம் முடிந்தபின், வீட்டிலிருந்து கொப்பி கொண்டுவந்திருப்போர் என்னிடம் காட்டலாம். எந்தக் குளிசை என்ன பெயருடையது என்று வாசித்து எழுதித் தர என்னால் முடியும். அதற்கு மேல் வைத்தியரிடந்தான்.